வெங்காய விலையும் குடியானவன் நிலையும்

உணவுப் பண்டத்தின் விலை ஏறினால் பட்டணத்தில் கூக்குரல் எழுகிறது. விலை விழுந்தாலோ கிராமத்தில் எழும் ஓலம் எவர் செவியிலும் ஏறுவதில்லை. ஏற்றத்தை மட்டுமே ஆபத்தென்று கருதி வீழ்ச்சியை இயற்கையென்று விட்டுவிடும் இந்த மனப்பான்மையே நமது உணவுக் கொள்கையைக் கெடுத்து வருகிறது என்பது நமது அபிப்பிராயம். இதற்கு வெங்காயத்தைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

2023-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் மஹாராஷ்டிரத்தைச் சேர்ந்த குடியானவர் ஒருவர் ஷோலாப்பூர் சந்தைக்கு 512 கிலோ வெங்காயம் கொண்டு சென்றார். கிலோ ஒன்றுக்கு ஒரு ரூபாய் விலை கிடைத்தது. வண்டி வாடகை, ஏற்றிறக்குக் கூலி, எடைக் கூலி முதலியவற்றைக் கழித்துக்கொண்டு வியாபாரி அவரிடம் கொடுத்தது இரண்டு ரூபாய்க்கு ஒரு செக்கு! அடுத்த மாதம் நாஸிக் ஜில்லா விவசாயிகள் மும்பையை நோக்கிக் கால்நடையாய்ப் புறப்பட்ட பின்னரே, குவிண்டால் ஒன்றுக்கு 350 ரூபாய் உதவித்தொகை தருவதாக ராஜ்ய சர்க்கார் அறிவித்தனர்.

அதே வருஷம் ஆகஸ்டில் விலை சற்றுத் தலைதூக்கியது. உடனே மத்திய சர்க்கார் வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவிகிதத் தீர்வை விதித்தனர். டிசம்பர் 8-ந் தேதி ஏற்றுமதியையே தடுத்துவிட்டனர். அத்தடை 1924-ம் வருஷத்து அன்னியத் துரைத்தனத்தின் உத்தரவன்று. 2024 மே மாதம் வரையில் நீடித்த நமது சொந்த சர்க்காரின் உத்தரவு. 2019-லும் 2020-லும் இவ்வாறே திடீரென்று தடை பிறந்தது. விலை விழுந்தபோது ஊர்வலம் நடத்தியும் உதவி மெதுவாகவே வருகிறது. விலை எழுந்தபோது மட்டும் உத்தரவு இரவோடிரவாகப் பறந்து வருகிறது. இது எந்த நியாயம் என்று கேட்கிறோம்.

காரணம் மறைவானதன்று. 1998-ல் டில்லி சட்டசபைத் தேர்தலில் ஆளுங்கட்சி தோல்வியுற்றதற்கு வெங்காய விலையும் ஒரு காரணம் என்று பேசப்பட்டது. அன்றுமுதல் எக்கட்சி அதிகாரத்தில் இருந்தாலும் வெங்காயத்தைக் கண்டால் நடுங்குகிறது. விலைக்கு வாங்குவோர் எல்லா ஊர்களிலும் இருக்கின்றனர். விளைவிப்போரோ சில ஜில்லாக்களில் மட்டுமே இருக்கின்றனர். வோட்டுக் கணக்கில் குடியானவன் தோற்பதற்கு இதுவே போதும்.

வெங்காய விலை இவ்வாறு ஊசலாடுவது ஏன்? வருஷ விளைச்சலில் சுமார் 70 சதவிகிதம் ரபி பருவத்தில், அதாவது மார்ச் முதல் மே வரையில், அறுவடையாகிறது. அதனைக் கொட்டகைகளில் வைத்து அக்டோபர், நவம்பர் மாதங்களில் புதுக் காய் வரும்வரை தேசம் முழுவதும் உண்ண வேண்டும். வைத்திருக்கும் காலத்தில் ஈரம் வற்றி எடை குறைகிறது, முளை விடுகிறது, அழுகுகிறது. பருவம் தவறி மழை பெய்து புதுக் காய் தாமதித்தால் கையிருப்பு தீர்ந்துபோகிறது. விலை ஏறினாலும் ஜனங்கள் வெங்காயத்தை எளிதில் விடுவதில்லையாகையால், சிறு பற்றாக்குறையும் பெரும் விலையேற்றமாகிறது. அவ்விலையைக் கண்டு மறுவருஷம் எல்லோரும் வெங்காயமே நடுகிறார்கள், விலை சரிகிறது. நாஸிக்கில் பெய்த மழை சென்னைக் கோயம்பேட்டில் விலைச்சீட்டாக மாறுவது இவ்வழியேதான்.

தரகர்களே சகல தீமைக்கும் காரணம் என்போர் உண்டு. ரிசர்வ் பாங்கு ஆராய்ச்சியாளர்கள் 2024-ல் வெளியிட்ட கணக்கின்படி, வெங்காயத்துக்கு நுகர்வோர் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் விவசாயிக்குக் கிடைப்பது சுமார் 36 பைசா. தக்காளிக்கு 33 பைசா. மீதி முழுவதும் கொள்ளை லாபம் என்று நாம் கூறவில்லை. வண்டிச் சத்தம், கமிஷன், அழுகல் நஷ்டம், கடை வாடகை ஆகியவையும் அதில் அடங்கும். ஆயினும் விற்பவன் உடனே விற்றாக வேண்டியவனாகவும், வாங்குபவன் காத்திருக்க வல்லவனாகவும் இருக்கும் சந்தையில் பேரம் சமமாக நடவாது என்பதில் சந்தேகமில்லை.

ஏழைகள் அதிக விலை கொடுத்து வாடட்டும் என்பது நமது கட்சியன்று. கூலிக்காரனுடைய கஞ்சிக்கு ஒரு வெங்காயமே துணை என்பதை நாம் அறிவோம். ஆனால் அவனுக்கு உதவும் செலவைத் தேசம் முழுவதும் ஏற்க வேண்டுமேயன்றி, நாஸிக் குடியானவன் தலையில் மட்டும் சுமத்துவது தகாது. ஏற்றுமதித் தடை என்பது பெயர் சொல்லாமல் குடியானவன்மீது விதிக்கும் வரியேயாகும். பங்களாதேசம், இலங்கை, மலேயா முதலிய இடங்களில் நமது சரக்கை நம்பியிருந்தோர் வேறு தேசங்களை நாடுவதும் அதன் பலனே.

செய்ய வேண்டுவது யாது? அறுவடைக் காலத்திலேயே நியாயமான தரை விலை கொடுத்துச் சர்க்கார் தாராளமாகக் கொள்முதல் செய்து, பஞ்ச மாதங்களில் விற்க வேண்டும். கையிருப்புத் திட்டம் ஒன்று உண்டுதான். ஆனால் 2023-24-ல் அதற்கென்று குறித்த அளவு, அவ்வருஷ விளைச்சலாகிய சுமார் 242 லட்சம் டன்னில் ஒரு சிறு பங்கே. இரண்டாவதாக, ஏற்றுமதி விதி இன்னதென்று நடவுக்கு முன்பே அறிவித்து, அறுவடை முடியும்வரை மாற்றாதிருத்தல் வேண்டும். மூன்றாவதாக, நல்ல கொட்டகைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் கிராமந்தோறும் பெருக வேண்டும். காத்திருக்கும் சக்தி குடியானவனுக்கும் வந்தாலன்றிச் சந்தையில் அவன் மனிதனாக நிற்க முடியாது.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்று நம் முன்னோர் சொன்னார்கள். ஷோலாப்பூர்க் குடியானவர் கணக்குப் பார்த்தார். இரண்டு ரூபாய் மிஞ்சியது. அந்தச் செக்கை ஒவ்வொரு சட்டசபை அங்கத்தினரும் தமது மேஜைமீது ஒரு தரம் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த தடை உத்தரவைப் பற்றி யோசிப்பாராக.