ரத்தப் புற்றை ஜெயித்த பிள்ளையா? ஃபைலைத் தூக்கிப் போடாதீங்க!

தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு 'ரத்தப் புற்றுநோய்' என்றால் ஒரே அர்த்தம்தான். கதாநாயகி இருமுவாள், கைக்குட்டையில் ரத்தம் இருக்கும், பின்னணியில் வயலின் அழும். அடுத்த காட்சியில் சுவரில் மாலை போட்ட போட்டோ! அந்தப் பயம் இன்றும் பல அம்மாக்களின் மனதை விட்டுப் போகவில்லை.

அதனால் முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் ரத்தப் புற்றுக்குத்தான். அதிலும் பெரும்பகுதி 'ஏ.எல்.எல்.' என்று டாக்டர்கள் சுருக்கிச் சொல்லும் வகை. எலும்பு மஜ்ஜையில் உருவாகும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை, முதிர்ச்சி அடையாமலே கட்டுமீறிப் பெருகுகிறது. நல்ல அணுக்களுக்கு அங்கே இடமில்லாமல் போகிறது. அதனால்தான் பிள்ளை வெளுத்துப் போகிறது. காய்ச்சல் விடாமல் வருகிறது. அடிபடாமலே தோலில் ரத்தம் கட்டுகிறது. 'கால் வலிக்குதும்மா' என்று ராத்திரியில் அழுகிறது. வளர்ந்த நாடுகளில் இன்று இந்த நோய் வந்த 100 குழந்தைகளில் சுமார் 90 பேர் பிழைத்து வளர்கிறார்கள். நம் நாட்டில் இந்த எண்ணிக்கை குறைவுதான். தாமதமாக வருவது, கிருமித் தொற்று, சிகிச்சையைப் பாதியில் விடுவது எல்லாம் அதற்குக் காரணங்கள். ஆனாலும் முழுசாகச் சிகிச்சை எடுத்துப் பிழைத்து, படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்துகொண்டவர்கள் நம் ஊரிலும் நிறைய இருக்கிறார்கள்.

அவர்களுக்காகவும் அவர்களைப் பெற்றவர்களுக்காகவும்தான் இந்தக் கட்டுரை.

நித்தியகல்யாணியும் சுப்பாராவும்

"சித்த வைத்தியருக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். இந்த வைத்தியத்தின் கதையில் நம் பக்கத்துச் செடி ஒன்றும், சென்னையில் படித்த மனிதர் ஒருவரும் இருக்கிறார்கள்.

அந்த மனிதர் எல்லப்பிரகட சுப்பாராவ். 1895-ல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, இங்கேயே ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு ஆசிரியராக இருந்து, 1922-ல் அமெரிக்கா போனார். அங்கே லெடர்லே நிறுவனத்தில் அவர் வழிநடத்திய குழு, ஃபோலிக் அமிலம் போலவே வேஷம் போட்டு அணுக்களை ஏமாற்றும் மருந்துகளை உருவாக்கியது. பாஸ்டன் நகரத்து டாக்டர் சிட்னி ஃபார்பர், அதில் ஒன்றை ரத்தப் புற்று வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 10 பேருக்குத் தற்காலிகமாக நோய் தணிந்தது. 1948-ல் அந்த முடிவு வெளியானது. அந்த வரிசையில் வந்த மெத்தோட்ரெக்ஸேட்தான் இன்றும் இந்தக் குழந்தைகளுக்கு முக்கிய மருந்து.

அந்தச் செடி நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வோம். சர்க்கரை நோய்க்கு நாட்டு மருந்தாகப் பயன்பட்ட இதன் இலையை, 1950-களில் கனடா விஞ்ஞானிகள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை. வெள்ளை அணுக்கள் இறங்கின! அந்தத் தடத்தில் போனதால் கிடைத்ததுதான் வின்கிரிஸ்டின் ஊசி. 1963-ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

உடனே தோட்டத்துக்கு ஓடி இலையைப் பறித்து அரைத்துவிடாதீர்கள்! மூட்டை மூட்டையாக இலையை வடித்தாலும் கிராம் கணக்கில்கூடத் தேறாத மருந்து அது. அளவு கொஞ்சம் தப்பினாலும் நரம்பைத் தாக்கும். வீட்டில் போடும் கஷாயம் மருந்தாகாது, விஷமாகும்.

4 பேரிலிருந்து 90 பேர் வரை

1962-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கியபோது, இந்த நோய் வந்த 100 பேரில் 4 பேர்தான் பிழைத்தார்கள். அங்கே டாக்டர் டொனால்ட் பிங்கெல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார். மூளையில் ஒளிந்திருக்கும் நோயணுக்களைத் தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்தும், முதுகுத்தண்டில் ஊசி போட்டும் அழித்தார். 1960-களின் கடைசியில் பாதிப் பேர் குணமானார்கள்.

நம் நாட்டிலும் 1984-ல் அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் அமெரிக்க தேசியப் புற்றுநோய்க் கழகத்தோடு சேர்ந்து, ஒரே சிகிச்சை முறையைக் கடைப்பிடிக்க ஆரம்பித்தன. பிழைப்பவர்கள் எண்ணிக்கை ஏறியது.

ஆராய்ச்சி இன்னும் நிற்கவில்லை. பிளினாட்டுமோமாப் என்ற புது மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, நடுத்தர அபாயமுள்ள குழந்தைகளில் 3 ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 88 சதவீதத்திலிருந்து 96 சதவீதமாக உயர்ந்தார்கள் என்று 2024-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. இதன் விலைதான் நமக்கு இன்னும் எட்டாத உயரத்தில் இருக்கிறது.

'அப்பாடா' என்ற பிறகு...

மொத்தச் சிகிச்சை 2 முதல் 3 வருஷம் போகும். கடைசி மாத்திரையை விழுங்கிய அன்று 'அப்பாடா, முடிஞ்சுது' என்று குலதெய்வக் கோயிலுக்குப் போய் மொட்டை போடுவீர்கள். போடுங்கள், தப்பேயில்லை. ஆனால் கதை அங்கே முடிவதில்லை.

அமெரிக்காவில் 1994-ல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்று, 1970 முதல் 1986 வரை குழந்தையாக இருந்தபோது பலவகைப் புற்றுநோய்கள் வந்து பிழைத்தவர்களைத் தொடர்ந்து கவனித்தது. நோய் வந்து 30 ஆண்டு ஆவதற்குள் 100-ல் 73 பேருக்கு ஏதாவது ஒரு நாள்பட்ட தொல்லை வந்திருக்கும் என்று 2006-ல் அதன் கணக்கு வெளியானது. அது பழைய காலக் கடும் சிகிச்சையின் விளைவு. அதைப் பார்த்துத்தான் டாக்டர்கள் சிகிச்சையை மாற்றினார்கள். தலைக்குக் கதிர்வீச்சே கொடுக்காமல் 498 குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்து, 93 சதவீதத்துக்கு மேல் பிழைக்க வைத்ததை 2009-ல் செயின்ட் ஜூட் டாக்டர்கள் எழுதினார்கள். பிழைத்த பிள்ளைகளைக் கவனித்ததால்தான் பின்னால் வந்த பிள்ளைகளுக்குச் சிகிச்சை இதமானது!

எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

• இதயம்: டானோரூபிசின், டாக்ஸோரூபிசின் ஊசிகள் பல வருஷம் கழித்தும் இதயத் தசையைத் தளர்த்தலாம். ஊசியின் மொத்த அளவைப் பொறுத்து 2 அல்லது 5 வருஷத்துக்கு ஒருமுறை எக்கோ தேவைப்படும்.

• மூளை, வளர்ச்சி: தலைக்குக் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்குப் படிப்பில் மந்தம், உயரக் குறைவு, தைராய்டு கோளாறு வரலாம். அபூர்வமாக வேறு கட்டியும் வரலாம். 'சோம்பேறி' என்று திட்டாதீர்கள். டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

• எலும்பு: ஸ்டீராய்டு மாத்திரையால் இடுப்பு மூட்டு பாதிக்கலாம். இடுப்பிலோ முழங்காலிலோ வலி தொடர்ந்தால் தைலம் தேய்த்துக்கொண்டே இருக்காமல் படம் எடுத்துப் பாருங்கள்.

மாடிப்படியில் மூச்சு வாங்கிய பெண்

என் வைத்தியசாலைக்கு ஓர் அம்மா, 22 வயது மகளைக் கூட்டி வந்தார். "மாடி ஏறினா மூச்சு வாங்குது. கல்யாணம் நிச்சயமாயிருக்கு. உடம்பு தேற ஏதாவது லேகியம் கொடுங்க ஐயா" என்றார். சின்ன வயதில் ஏதாவது பெரிய வியாதி வந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். மகள் அம்மாவைப் பார்த்தாள். இரண்டாவது முறை கேட்டபோதுதான், குரலைத் தாழ்த்தி, "ஏழு வயசுல ரத்தப் புற்று... மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது" என்றார்.

ஃபைல் எங்கே? "யார் கண்ணிலயாவது பட்டா வம்புன்னு எரிச்சுட்டோம்."

லேகியம் கொடுக்கவில்லை. எக்கோவுக்கு அனுப்பினேன். இதயத்தின் சுருங்கும் சக்தி குறைந்திருந்தது. பழைய ஆஸ்பத்திரியின் பதிவேட்டிலிருந்து ஊசி விவரம் கிடைத்தது. இதய டாக்டரிடம் மாத்திரை ஆரம்பித்து, இப்போது நன்றாக இருக்கிறாள். பிள்ளை வீட்டாரிடம் சொல்லியும் விட்டார்கள். கல்யாணம் நின்றுபோகவில்லை. ஒருவேளை எதுவும் தெரியாமல் அவள் கர்ப்பமாகியிருந்தால்? கர்ப்ப காலத்தில் இதயத்துக்கு வேலை அதிகம். பிரசவ டாக்டருக்கும் விஷயம் தெரியாது. நினைத்தாலே பகீர் என்கிறது.

இது தொற்றுநோயில்லை. பெரும்பாலும் பரம்பரையாக வருவதுமில்லை. வழக்கமான ஏ.எல்.எல். சிகிச்சை எடுத்தவர்களில் பெரும்பாலோர் குழந்தை பெற்றுக்கொள்ளலாம். மறைக்க இதில் என்ன இருக்கிறது?

நம்ம மருந்து சாப்பிடலாமா?

சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன் என்ற முறையில் ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த நோயைக் குணமாக்க ஆஸ்பத்திரிச் சிகிச்சையை விட்டுவிட்டு எங்களிடம் வராதீர்கள். யாராவது 'நான் குணமாக்குகிறேன்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

சிகிச்சை நடக்கும்போது கஷாயம், பற்பம், செந்தூரம், 'ரத்தம் ஊறும்' டானிக் எதையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். அவை ஈரலுக்குச் சுமையாகலாம். ஃபோலிக் அமிலத்தைத் தடுத்து வேலை செய்யும் மருந்து ஒரு பக்கம் போகும்போது, இன்னொரு பக்கம் அதே சத்தை அள்ளிக் கொடுத்தால் என்ன ஆகும், யோசியுங்கள்! மெர்காப்டோப்யூரின் மாத்திரையை 95 சதவீதத்துக்கும் குறைவாகச் சாப்பிட்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் அபாயம் இரண்டு மடங்குக்கும் மேல் என்று அமெரிக்க ஆய்வு காட்டியிருக்கிறது. 'பிள்ளை நல்லாத்தானே ஓடியாடுது' என்று நிறுத்திவிடாதீர்கள்.

சிகிச்சை முடிந்த பிறகு பசி, தூக்கம், மலச்சிக்கல் போன்றவற்றுக்கு எங்களிடம் வரலாம். வரும்போது அந்த ஃபைலோடு வாருங்கள்.

ஒரே ஒரு தாள்

மும்பை டாடாவில் சிகிச்சை முடிந்தவர்களுக்கென்றே 1991-ல் தனி கிளினிக் ஆரம்பித்தார்கள். உங்கள் ஊரில் அப்படி இல்லாவிட்டாலும், புற்றுநோய் டாக்டரிடம் 'சிகிச்சைச் சுருக்கம்' என்று ஒரு தாள் கேட்டு வாங்குங்கள். அதில் இவை இருக்கட்டும்:

1. நோயின் வகை, கண்டுபிடித்த தேதி, சிகிச்சை முடிந்த தேதி.
2. கொடுத்த மருந்துகள், இதயத்தைப் பாதிக்கும் ஊசியின் மொத்த அளவு.
3. கதிர்வீச்சு கொடுத்தார்களா, எங்கே, எவ்வளவு.
4. ரத்தம் ஏற்றிய விவரம், திரும்பப் போட வேண்டிய தடுப்பூசிகள்.
5. இனி எந்தப் பரிசோதனை, எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை.

மூன்று ஜெராக்ஸ் எடுங்கள். ஒன்று பீரோவில், ஒன்று சொந்தக்காரர் வீட்டில், ஒன்று பிள்ளையின் கையில். 18 வயதானதும் உட்கார வைத்து, என்ன நோய், என்ன மருந்து என்று சொல்லிக் கொடுங்கள். உங்களுக்குப் பிறகும் அந்த உடம்பை அவர்கள்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்? பீடி, சிகரெட் பக்கமே போகக் கூடாது என்பதையும் அன்றைக்கே சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

பத்திரத்தையும் நகையையும் பூட்டி வைக்கிறோம். அந்தத் தாளுக்கும் அதே பீரோவில் ஓர் இடம் கொடுங்கள்.