எஞ்சின் தட்டொலி: பிரிக்குமுன் செவிமடுங்கள்

பழைய வாகனம் வைத்திருக்கும் குடும்பத்தாருக்கு எஞ்சினிலிருந்து எழும் 'டக், டக்' என்ற ஒலி பெருங்கவலை தருவதாகும். "எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும்" என்று ஒருவர் சொல்லிவிட்டால், சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் ஒரே நாளில் கரைந்துவிடும். ஆனால் எல்லா ஒலியும் ஒரே நோயின் அறிகுறி அன்று. சிறு செலவில் தீரும் ஒலியும் உண்டு. மேலும் சிறிது தூரம் ஓட்டினாலே எஞ்சினை அழித்துவிடும் ஒலியும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவதே முதல் வேலை.

1958 முதல் 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசிடர் காரையே எடுத்துக்கொள்வோம். அதன் பெட்ரோல் வண்டிகளில் நெடுங்காலம் இடம்பெற்ற 1489 சி.சி. எஞ்சின், நான்கு சிலிண்டர்களும் எட்டு வால்வுகளும் கொண்ட எளிய அமைப்பாகும்.

முதலில் ஆயில்

ஒலி கேட்டதும் வண்டியை நிறுத்தி, ஆயில் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் உடனே நிரப்புக. நிரப்பிய பின்னும் ஆயில் அழுத்தம் குறைவாகவே இருந்தால் வண்டியை ஓட்டலாகாது. கட்டி இழுத்துச் செல்வதே உத்தமம்.

அடுத்து, ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை அரை நிமிடம் மட்டும் ஓடவிடுக. ஒலி மறைந்துவிட்டால் குறை வாட்டர் பம்பிலோ டைனமோவிலோ இருக்கிறது; எஞ்சினின் உட்பகுதியில் இல்லை.

மெல்லிய ஒலி

மேற்பகுதியிலிருந்து மெல்லிய 'டிக், டிக்' ஒலி சீராக வருமானால், அது பெரும்பாலும் டாப்பெட் இடைவெளி கூடியதன் விளைவே. கிராங்க் ஷாஃப்ட் இருமுறை சுழலும்போது ஒவ்வொரு வால்வும் ஒருமுறைதான் திறக்கும். ஆகவே எஞ்சின் நிமிடத்திற்கு 800 சுற்று சுழன்றால், தளர்ந்த ஒரு டாப்பெட் 400 முறை தட்டும். கையேடு குறிக்கும் அளவுக்கு இடைவெளியைச் சரிசெய்தால் போதும்.

மேடேறும்போது எழும் ஒலி

மேட்டிலோ, பாரம் ஏற்றிய நிலையிலோ ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் கிணுகிணுவென ஒலி எழுந்தால், அது பாகங்கள் மோதும் ஒலியன்று. பெட்ரோல் கலவையின் ஒரு பகுதி, தீச்சுடர் வந்து சேருமுன் தானாகவே வெடிப்பதால் தோன்றுவது. டைமிங் முந்தியிருத்தல், சிலிண்டரில் கார்பன் படிதல், எஞ்சின் மிகையாகச் சூடாதல், தரங்குறைந்த பெட்ரோல் ஆகியவை காரணங்களாம். முதலில் ரேடியேட்டர் நீரையும் டைமிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். பொருட்படுத்தாமல் நெடுநாள் விட்டால் பிஸ்டனே சேதமுறும்.

ஆழ்ந்த ஒலி

காலையில் குளிர்ந்த நிலையில் தட்டி, சூடானதும் அடங்கும் ஒலி தேய்ந்த பிஸ்டனுடையது. ஆயில் குறையாமல் பார்த்துக்கொண்டால் சில காலம் பொறுக்கலாம்.

சூடேறிய பின் வலுத்து, அடிப்பகுதியிலிருந்து கனமாக வரும் ஒலியே அஞ்சத்தக்கது. கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்தால் இடைவெளி பெருகும். சூட்டில் இளகிய ஆயில் அவ்வழியே விரைந்து வழிந்து, அழுத்தம் வீழும். தேய்மானம் மேலும் மிகும். மெக்கானிக் ஒவ்வொரு பிளக் ஒயராக நீக்கிப் பார்ப்பார். எந்தச் சிலிண்டரின் தீப்பொறி நின்றதும் ஒலி தணிகிறதோ, குறை அங்கேதான் உள்ளது. மின்னதிர்ச்சி தாக்கக் கூடுமாதலால் பழக்கமில்லாதோர் இதனைச் செய்ய முற்படலாகாது. தொடக்கத்திலேயே கவனித்தால் பேரிங்கை மாற்றுவதோடு முடியலாம். தாமதித்தால் கிராங்க் ஷாஃப்டையும் கடைந்தாக வேண்டும்.

எனவே மெக்கானிக்கிடம் "சத்தம் வருகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். குளிரிலா சூட்டிலா, மேட்டிலா சமதரையிலா, மேலிருந்தா கீழிருந்தா என்பதைக் குறித்துச் சென்று கூறுங்கள். அந்தக் குறிப்பே வீண்செலவைத் தடுக்கும். உண்மையான ஆபத்தையும் காலத்தே காட்டிக்கொடுக்கும்.