நாடகம் படிப்போம், நாத்தடை களைவோம்!

எழுதப் படிக்கத் தெரிந்த எல்லோரும் தடையின்றி வாசிக்க வல்லவர் அல்லர். இதற்கு நானே சான்று. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதலாண்டுத் தமிழ் வகுப்பில் ஒரு பத்தியை வாசிக்க எழுந்தவன், எழுத்துக் கூட்டித் தடுமாறினேன். வகுப்பே சிரித்தது. அன்று முதல் கடைசிப் பெஞ்சே என் இடமாயிற்று.

அந்நிலையை மாற்றியது நாடக வாசிப்பு. பேராசிரியர் ஒருவர் எங்களை அறுவர் அறுவராகப் பிரித்து, பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நாடகத்தின் ஒரு களத்தைக் கொடுத்தார். மேடை இல்லை, ஒப்பனை இல்லை, மனப்பாடமும் இல்லை. கையில் நூல், வாயில் குரல், அவ்வளவே. நடிப்பதைவிடப் படிப்பதற்கே ஏற்றது எனப் பெயர்பெற்ற நாடகம் அது. எனக்குக் கிடைத்தது சேவகன் பங்கு; சில அடிகளே.

முறை எளிது. முதலில் ஒவ்வொருவரும் தம் பகுதியை மௌனமாகப் படித்து, சந்தி சேர்ந்த சொற்களைப் பென்சிலால் பிரித்துக் கோடிட வேண்டும். அடுத்து இருவர் இருவராக வாசித்து, ல, ள, ழ வேறுபாட்டைத் திருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் குழுவாக வாசிக்கும்போது, அடி முடியும் இடத்தில் நிறுத்தாது, பொருள் முடியும் இடத்தில் நிறுத்த வேண்டும். நான் மிகுதியும் இடறியது இங்கேதான். குடிலனின் சூழ்ச்சிமொழியைச் சீவகனின் மிடுக்கோடு வாசித்தால் பொருளே கெடும். ஆதலால் பாத்திரத்தை உணராமல் வாசிக்க இயலாது.

இதனால் விளையும் பயன் யாது? எழுத்தைக் கூட்டுவதிலேயே கவனம் செலவானால், பொருளை அறிய மனம் எஞ்சுவதில்லை. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தால் சொல்லறிதல் தானாக நிகழும். மனம் பொருளை நாடும். அமெரிக்க உளவியலறிஞர் எஸ். ஜே சாமுவேல்ஸ் 1979-இல் இம்முறையை விளக்கி எழுதினார். 'பத்து முறை படி' என்றால் சலிப்பு வரும். 'ஒத்திகை' என்றால் பத்து முறையும் இனிக்கும். நாடகத்தின் சூட்சுமம் இதுவே.

ஓர் எச்சரிக்கை. வசனம் மனப்பாடமாகிவிட்டால் கண் ஏட்டை விட்டு விலகும். அது வாசிப்பன்று, ஒப்பிப்பு. ஆகவே வாரந்தோறும் களத்தையும் பங்கையும் மாற்ற வேண்டும். நன்றாக வாசிப்பவனுக்கே என்றும் அரசன் பங்கு என்றால், பயிற்சி தேவைப்படுபவன் வாய்மூடி இருப்பான்.

ஆண்டிறுதியில் சீவகன் பங்கு என்னிடம் வந்தது. இரண்டு இடங்களில் தடுமாறினேன். எவரும் சிரிக்கவில்லை, தத்தம் முறைக்காக என் வரியையே பின்தொடர்ந்துகொண்டிருந்தார்கள்.

நண்பர்களே, வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குவோம். கடைசிப் பெஞ்சில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.