‘பிள்ளை நல்லாத்தானே இருக்கு?’

தண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைத்த மண்ணெண்ணெயை ஒன்றரை வயதுக் குழந்தை ஒரு வாய் குடித்துவிட்டால், வீட்டில் ஒருவர் உப்புத் தண்ணீர் கரைப்பார். இன்னொருவர் தொண்டைக்குள் விரலை விடுவார். ஆபத்தே அங்கேதான் தொடங்குகிறது. வயிற்றில் கிடக்கும் மண்ணெண்ணெயைவிட, வாந்தியோடு மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கும் மண்ணெண்ணெய்தான் நுரையீரலைக் கெடுக்கும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இருமலோ மூச்சிரைப்போ வருகிறதா என்று அங்கே ஆறு மணி நேரமாவது வைத்துப் பார்க்க வேண்டும். வயிற்றைக் கழுவச் சொல்லி டாக்டரை நெருக்கக் கூடாது.

இதிலாவது இருமல் காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு அதிகப் பயம், காட்டிக்கொடுக்காத நஞ்சின் மேல்தான். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரை, இனிப்புப் பூச்சோடு மிட்டாய் போலச் சிவப்பாக இருக்கும். ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு. குழந்தையின் எடையில் கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அதாவது, 10 கிலோ குழந்தைக்கு 10 மாத்திரை. விழுங்கிய சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றோட்டம் வரும். பிறகு குழந்தை தெளிந்து விளையாடக்கூடச் செய்யும். ‘நல்லாத்தானே இருக்கு’ என்று வீட்டுக்குத் தூக்கிவந்துவிடுவார்கள். அதன்பிறகுதான் இரத்த அழுத்தம் சரியும், ஈரல் பழுதாகும்.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டும் அப்படியே. முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. அடுத்த சில நாட்களில் கண் மஞ்சளாகும். அதற்கு முறிவு மருந்தே இல்லை. தமிழக அரசு அதற்குத் தடை போட்டது மிகச் சரி. பழைய டியூப் பரணில் கிடந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள்.

இரும்புக்கு டெஸ்ஃபெராக்ஸமின் என்ற முறிவு மருந்து உண்டு. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதற்கு நஞ்சு மருத்துவம் அறிந்தவரின் ஆலோசனை வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரியில் இரவுப் பணியிலிருக்கும் இளம் டாக்டர் இப்படியொரு குழந்தையை அதுவரை பார்த்தே இராமல் இருக்கலாம். அதில் அவர் குற்றம் ஒன்றுமில்லை. அவருக்குக் கேட்டுத் தெளிய ஆள் வேண்டும்.

தில்லி எய்ம்ஸில் 1995 முதல் தேசிய நச்சுத் தகவல் மையம் இயங்குகிறது. 1800 116 117 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். டாக்டரும் கேட்கலாம், பெற்றோரும் கேட்கலாம். 108 நம் குழந்தைகளுக்கே மனப்பாடம். இந்த எண்ணோ பலருக்குத் தெரியாது. அங்கன்வாடிச் சுவரிலும் மாத்திரை அட்டையிலும் இதை அச்சிட என்ன தடை? நள்ளிரவில் பதறும் தாய்க்குத் தமிழிலேயே பதில் சொல்லும் இப்படியொரு சேவையை மாநில அரசும் 108 போலவே வீடுதோறும் கொண்டுசேர்க்க வேண்டும்.

மருத்துவமனைக்கு ஓடும்போது அந்த மாத்திரை அட்டையையோ பாட்டிலையோ கையோடு கொண்டுபோங்கள். எத்தனை மாத்திரை குறைகிறது, குழந்தையின் எடை என்ன, எத்தனை மணிக்கு விழுங்கியது: டாக்டர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.