சின்னதாகச் செய்து பார்... அப்புறம் ஊருக்குச் சொல்!

கோடம்பாக்கத்தில் என் கிளினிக்குக்கு வந்த ஒரு அம்மா செல்போனை நீட்டினார். "டாக்டர், எங்க வீட்டுக்காரருக்கு மூணு வாரமா இருமல். இருமல் சத்தத்தைக் கேட்டே டி.பி. இருக்கா இல்லையான்னு இந்த ஆப் சொல்லிடுமாம். 'ஒண்ணும் இல்லை'ன்னு வந்துடுச்சு. ஆடாதோடை மணப்பாகு ஒரு பாட்டில் குடுங்க, போதும்!"

நான் மணப்பாகு கொடுக்கவில்லை. அரசு ஆஸ்பத்திரிக்குச் சளிப் பரிசோதனைக்கு அனுப்பினேன். டி.பி.தான்! நல்லவேளை, மருந்தை முழுசாகச் சாப்பிட்டுக் குணமாகிவிட்டார்.

அந்த ஆப்பை யார், எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? தவறினால் யார் பொறுப்பு? அந்த அம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

இந்தச் சிக்கலுக்குத்தான் 'ரெகுலேட்டரி சாண்ட்பாக்ஸ்' என்று ஒரு வழி கண்டிருக்கிறார்கள். குழந்தைகள் மணல் தொட்டிக்குள் வீடு கட்டி, இடித்து விளையாடுவார்கள் அல்லவா? மணல் வெளியே சிதறாது. பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். அதுபோலத்தான் இதுவும். புதிய சிகிச்சை முறையையோ கருவியையோ சில பேரிடம் மட்டும், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், அரசின் கண்காணிப்பில், விதியைக் கொஞ்சம் தளர்த்திச் செய்து பார்ப்பார்கள். கெடுதல் என்றால் அதோடு நிறுத்தம். நல்லது என்றால் விதியையே மாற்றி எழுதலாம். சிங்கப்பூரில் தொலைபேசி, வீடியோ வழி வைத்தியத்தை 2018-ல் இப்படித்தான் தொட்டிக்குள் விட்டார்கள். 2023-ல் அது முறையான லைசென்ஸுக்குள் வந்தது.

பெயர்தான் புதுசு. இதற்கு அண்ணன் முறையான ஒன்று நம்ம ஊரிலேயே நடந்திருக்கிறது! கோடம்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் சேத்துப்பட்டு. அங்கே 1956-ல் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. டி.பி. என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்ற காலம் அது. படுக்கைகளோ போதாது. "வீட்டிலேயே மருந்து கொடுத்தால் என்ன?" என்று கேட்டார்கள். "ஐயோ, வீட்டில் எல்லோருக்கும் ஒட்டிக்கொள்ளுமே!" என்ற பயம்.

193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் வீட்டில், மற்றவர்கள் சானடோரியத்தில். இருவருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. நெருக்கடியான வீடு, குறைந்த சாப்பாடு... ஆனாலும் வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டாருக்குத் தொற்றும் அதிகமாகவில்லை! 1959-ல் முடிவு வெளியானது. உலகமே டி.பி. வைத்தியத்தை மாற்றிக்கொண்டது.

குணமாவதோடு கணக்கு முடியாது. செலவுக்கேற்ற பலன் உண்டா, ஏழைக்கும் எட்டுமா என்றும் பார்க்க வேண்டும். இதற்கு 'மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீடு' என்று பெயர். மத்திய அரசு 2017-ல் இதற்கென ஓர் அமைப்பை ஏற்படுத்தியது.

"உங்க சித்த மருத்துவத்துக்கு இதெல்லாம் வேணுமா டாக்டர்?" என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். பாட்டன் சொத்து என்றாலும் தங்கத்தை உரசிப் பார்ப்பதில் தப்பில்லையே!

உங்கள் வீட்டுக்குப் புதிய ஆப், கருவி, சிகிச்சை எது வந்தாலும் இவற்றைக் கேளுங்கள்:

* இது சோதனையில் இருக்கிறதா, அனுமதி பெற்றதா?

* கண்காணிப்பது யார்?

* பாதியில் விலகிக்கொள்ளலாமா?

* தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு?

* என் விவரங்கள் யாரிடம் போகும்?

பதில் மழுப்பலாக வந்தால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்று... இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் ஆப்பும் வேண்டாம், மணப்பாகும் வேண்டாம். முதலில் சளிப் பரிசோதனை. அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம்!