மின்னஞ்சல் வழங்கியும் குறிப்பேடும்

சென்ற ஆண்டில் எம் மாணவர் மன்றம் விடுத்த அழைப்பு மடல்களிற் பல, உரியார் கண்ணிற் படாது, ஸ்பாம் என்னும் குப்பைப் பெட்டியுட் சென்று மறைந்தன. மன்றத்திற்கு மின்னஞ்சல் வழங்கியை நிறுவிய மூத்த மாணவரோ பட்டம் பெற்றுச் சென்றுவிட்டனர். எவ்வமைப்பை எக்காரணம் பற்றிக் கொண்டனர் என்பதை உணர்த்த ஒரு துண்டுக் காகிதமும் இருந்திலது. மூன்று நாள் உழன்ற பின்னரே பிழை விளங்கிற்று. அவ்வருத்தமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

மின்னஞ்சல் வழங்கி என்பது தனியொரு கருவியன்று. பல உறுப்புக்களின் கூட்டு. லினக்ஸ் கணினிகள் பலவற்றில் போஸ்ட்ஃபிக்ஸ் மடல்களை ஏற்று அனுப்பும். டவ்காட் அவற்றைப் பெட்டிகளிற் காத்து உரியார்க்கு அளிக்கும். இவை எம் கணினியில் உள்ளன. ஆள்களப்பெயர்ப் பதிவுகளோ டி.என்.எஸ். என்னும் பெயரேட்டில் உள்ளன. எண்ணிலிருந்து பெயரைக் காட்டும் பி.டி.ஆர். பதிவு, பெரும்பாலும் ஐ.பி. முகவரியை அளித்த நிறுவனத்தார் கையில் உள்ளது. இங்ஙனம் மூவிடத்துச் சிதறிக் கிடப்பனவற்றை ஒருங்கு காட்டுவது குறிப்பேடு ஒன்றேயாம்.

நிறுவுமுன் துணியத்தக்கன எவை? முதலாவது, வழங்கியின் முழுப்பெயரும் மாறாத ஐ.பி. எண்ணுமாம். அப்பெயருக்குரிய எண்ணைக் காட்டுவது ஏ பதிவு. ஆள்களத்திற்கு வரும் மடல்களை ஏற்கும் வழங்கி இன்னதெனச் சுட்டுவது எம்.எக்ஸ். பதிவு. பி.டி.ஆர். பதிவு வழங்கியின் பெயரோடு ஒவ்வாதாயின், பிற வழங்கிகள் மடலை ஐயுறும். எம் பிழையும் இதுவே. வழங்கி புதிய எண்ணிற்கு மாறியபொழுது ஏ பதிவு திருத்தப்பட்டது, பி.டி.ஆர். பதிவு மறக்கப்பட்டது.

அடுத்து, எம் பெயரால் மடல் விடுக்க உரிமையுடைய வழங்கிகளை எஸ்.பி.எஃப். பதிவு கூறும். மடலில் இட்ட கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச்சாவியை டி.கே.ஐ.எம். பதிவு தரும். இவ்விரண்டுள் ஒன்றேனும் பொருந்தாதவிடத்துச் செய்யத்தக்கதை டி.எம்.ஏ.ஆர்.சி. பதிவு பெறுவார்க்கு உணர்த்தும். போர்ட் எனப்படும் துறைகளும் குறிக்கத்தக்கன: வழங்கிகள் தம்முள் மடல் மாற்ற 25, பயனர் அனுப்ப 587 அல்லது 465, மறையாக்கத்துடன் படிக்க 993. மடலின் உச்ச அளவையும் வரையறுத்தல் வேண்டும்; யாதும் குறியாவிடில் போஸ்ட்ஃபிக்ஸ் கொள்வது 10240000 பைட்டு.

குறிப்பேட்டின் ஒவ்வொரு வரியிலும் அமைப்பின் பெயர், பழைய மதிப்பு, புதிய மதிப்பு, மாற்றிய இடம், நாள், காரணம் என்னும் ஆறும் இருத்தல் நன்று. சான்றிதழ் காலாவதியாகும் நாளும் அதிற் குறிக்கத்தக்கது. கடவுச்சொற்களையும் டி.கே.ஐ.எம். மறைச்சாவியையும் எழுதலாகாது, அவை வைத்த இடத்தைக் குறித்தலே அமையும். ‘போஸ்ட்கான்ஃப் -என்’ என்னும் கட்டளை, யாம் போஸ்ட்ஃபிக்ஸில் வெளிப்படையாக அமைத்தவற்றைப் பட்டியலிட்டுத் தரும். ஆயினும் காரணத்தை அது தாராது, அமைத்தவரே எழுதற்பாலர்.

எம் மன்றத்தில் இப்பொழுது அத்தகைய ஏடு ஒன்று உண்டு. அதன் முதல் வரி அந்தப் பி.டி.ஆர். பதிவே. யாமும் விரைவிற் பட்டம் பெற்றுச் செல்வேம். பின்வருவார் எம்மைப்போல் மூன்று நாள் உழலாதிருப்பாராக.