அம்மாவுக்கு இருந்தா பிள்ளைக்கும் வந்துருமா?

2018 டிசம்பரில் அருப்புக்கோட்டை, திருச்சுழி டீக்கடைகளில் வேறு பேச்சே கிடையாது. பக்கத்து சாத்தூரில் ஒரு கர்ப்பிணி. உடம்பில் ரத்தம் குறைவு என்று அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி ரத்த வங்கியிலிருந்து வந்த அந்த ரத்தத்தில்... எச்.ஐ.வி.!

"தாய்க்கு ஏறிருச்சுல்ல, பிள்ளைக்கும் கண்டிப்பா இருக்கும்ணே" என்று என்னிடம் தீர்ப்பே சொல்லிவிட்டார் ஒரு தறிக்காரர். டீக்கடைத் தீர்ப்புக்கு அப்பீல் ஏது?

2019 ஜனவரி 17. மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. பிறகு சோதித்துப் பார்த்தால், கிருமி இல்லை!

எப்படி சார்?

தாய் ரத்தமும் சேய் ரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. நடுவில் நஞ்சு என்று ஒரு காவல்காரன். கருவில், பிரசவ நேரத்தில், தாய்ப்பாலில் என்று மூன்று வழியில் கிருமி தாண்டலாம். எதுவுமே செய்யாமல் விட்டால்கூட நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத்தான் தொற்றும். தாய் தினமும் மாத்திரை சாப்பிட்டு, குழந்தைக்கு ஆறு வாரமாவது நெவிரபின் சொட்டு மருந்து கொடுத்தால் ஐந்துக்கும் கீழே! எல்லாம் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

நம்ம ஊர்ப் பாட்டிகள்தான் கொஞ்சம் மனசு வைக்கணும். தாய்ப்பால் என்றால் முதல் ஆறு மாதம் அது மட்டும்தான். சேனை வைக்கிறேன், கழுதைப்பால் ஊற்றுகிறேன் என்று கலந்தால் பிஞ்சுக் குடல் புண்ணாகும். கிருமிக்குக் கதவு திறந்துவிடும்.

இன்னொன்று, தாயின் எதிர்ப்பொருள் 18 மாதம் வரைகூடக் குழந்தை உடம்பில் இருக்கும். சாதாரண டெஸ்ட் அதைப் பார்த்து 'பாசிட்டிவ்' என்று பயமுறுத்தும். கிருமியையே தேடும் பி.சி.ஆர். சோதனைதான் பேச வேண்டும். அதை ஆறாவது வாரத்திலேயே செய்கிறார்கள்.

"வீட்டம்மாவுக்கு நெகட்டிவ். அப்ப எனக்கும் நெகட்டிவ்தானே?" என்றார் ஆபீஸ் நண்பர். ஐயா, அட்டெண்டன்ஸில் ப்ராக்சி போடலாம், இதில் முடியாது! அப்பாவிடமிருந்து கிருமி நேராகப் பிள்ளைக்குப் போகாது; அம்மா வழியாகத்தான் போகும். அதிலும் கர்ப்ப காலத்தில், பால் கொடுக்கும்போது புதிதாகத் தொற்றினால் ஆபத்து அதிகம். புதுசில்தான் கிருமி எக்கச்சக்கமாகப் பெருகுகிறது. முதல் மாதம் எடுத்த ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டினால் ஆயிற்றா? அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் ஆண்களுக்கும் இலவசமாகப் பார்ப்பார்கள். ரகசியம் காப்பார்கள்.

சாத்தூர் விஷயத்தில் பலரும் மறந்துவிட்ட ஆள் ஒருவர் உண்டு. ரத்தம் கொடுத்த அந்த இளைஞர். வெளிநாட்டு வேலைக்காக டெஸ்ட் எடுத்தபோதுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. ஓடி ஒளியவில்லை. தானே ரத்த வங்கிக்குப் போய்ச் சொன்னார். அதனால்தான் அந்தத் தாய்க்குப் பிரசவத்துக்கு முன்பே மருந்து தொடங்க முடிந்தது.

டிசம்பர் முடிவதற்குள் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். குழந்தை பிறந்ததும் தெரியாது, அது தப்பித்ததும் தெரியாது.